மரியாடிபி ஆடிட் லாகில் எதைப் பதிவது, எதை விடுவது

வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சாஃப்ட்வேருக்குள் போகாமல் யாராவது நேராக டேட்டாபேஸில் நுழைந்து வவுச்சரைத் திருத்தினால் அது எங்கே தெரியும்? கம்பெனிகள் கணக்கு விதிகள் 2014-இன் 3ஆம் விதிப்படி, கம்பெனியாகப் பதிவானவர்கள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் எடிட் லாகில் (திருத்தப் பதிவில்) ஏற வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) இந்த விதி இல்லை. ஆனால் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பிரைவேட் லிமிடெட்டாக மாறிவிட்ட தோல், ஷூ யூனிட்டுகளுக்கு உண்டு.

கேள்வி வந்ததும் பலரும் செய்வது, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வரில் ஆடிட் பிளகினை (நடப்பதைப் பதியும் துணை நிரலை) போட்டு, எல்லாவற்றையும் பதியவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவது. அங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. பிளகின் தானாக வைத்துக்கொள்ளும் அளவு, ஒரு ஃபைலுக்கு 10 லட்சம் பைட், பழைய ஃபைல்கள் 9. ஓடும் ஃபைலையும் சேர்த்தால் மொத்தம் 1 கோடி பைட். நொடிக்கு 20 குவரி (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை), வரிக்கு சராசரி 250 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5,000 பைட் ஆகிறது. 33 நிமிடத்தில் முதல் வரி அழிந்துவிடும். காலை பத்து மணிக்கு நடந்தது பதினொன்றுக்கு லாகில் இருக்காது. டிஸ்கைப் பெருக்கிப் பத்து மடங்கு இடம் கொடுத்தாலும் ஐந்தரை மணி நேரம்தான். சாஃப்ட்வேர் நாள் முழுக்கச் செய்யும் வழக்கமான வேலையைப் பதிவிலிருந்து தள்ளிவைத்தால்தான் ஆள் கைவைத்த வரி நிற்கும்.

படிக்கும் முன் ஒரு சொல். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். தட்டும்போது அமைப்புப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டோடு தட்ட வேண்டும். எக்ஸ்கிள், இன்கிள் என்று வருபவை எக்ஸ்க்ளூட், இன்க்ளூட் என்ற சொற்களின் முதல் நான்கு எழுத்துகள்.

பிளகினால் எதை வடிகட்ட முடியும்

இலவச மரியாடிபி சர்வரோடு வரும் சர்வர்_ஆடிட் பிளகினில் வடிகட்ட இரண்டே கைப்பிடிகள். நிகழ்வின் வகை ஒன்று, யூசர் பெயர் இன்னொன்று. 'வவுச்சர் டேபிளை மட்டும் பதி' என்று இதனிடம் சொல்ல முடியாது. 'இந்த யூசருக்கு இந்த வகை, அந்த யூசருக்கு அந்த வகை' என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. வகைப் பட்டியல் சர்வர் முழுவதற்கும் ஒன்றுதான்.

வகைகள் ஏழு. கனெக்ட் என்பது உள்ளே வருவது, வெளியே போவது, பாஸ்வேர்டு தவறித் தோற்பது. குவரி என்பது சர்வருக்கு வந்த எல்லாக் கட்டளைகளும். டேபிள் என்பது எந்த டேபிள் படிக்கப்பட்டது, எதில் எழுதப்பட்டது என்பது; வியூ (சேமித்த பார்வை), ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்த கட்டளைத் தொகுப்பு), டிரிகர் (ஒரு மாற்றம் நடந்ததும் தானாக ஓடுவது) வழியாக மறைமுகமாகத் தொட்ட டேபிளும் இதில் வரும். குவரியைப் பிரித்து மேலும் நான்கு வகை இருக்கின்றன. குவரி_டிடிஎல் டேபிள் அமைப்பை மாற்றுபவற்றுக்கு, குவரி_டிஎம்எல் தரவைப் படிப்பவை, மாற்றுபவற்றுக்கு, குவரி_டிஎம்எல்_நோ_செலக்ட் அதிலேயே செலக்ட் நீங்கலாக, குவரி_டிசிஎல் கிராண்ட், ரிவோக், யூசர் உருவாக்கம், பாஸ்வேர்டு மாற்றம் போன்றவற்றுக்கு. பட்டியலைக் காலியாக விட்டால் எல்லாம் பதிவாகும்.

யூசர் பெயர் வடிகட்டிக்கு ஒரு விலக்கு உண்டு, இதை மறந்தவர்கள் பிறகு குழம்புவார்கள். கனெக்ட் நிகழ்வுகள் யூசர் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒரு யூசரை விலக்கினாலும் அவர் உள்ளே வந்ததும் போனதும் லாகில் விழும். தொல்லை போலத் தெரியும். ஆனால் கீழே சொல்லும் முறை முழுக்க இந்த விலக்கின் மேல்தான் நிற்கிறது.

முதல் வேலை யூசர் கணக்குகளைப் பிரிப்பது

இருப்பது யூசர் பெயர் வடிகட்டி என்பதால், சாஃப்ட்வேரும் மனிதர்களும் ஒரே பெயரில் நுழைந்தால் வடிகட்ட வழியே இல்லை. பல யூனிட்டுகளில் பில்லிங், ஸ்டாக், கணக்கு, பேக்கப், சிஸ்டம் பார்ப்பவர் எல்லாமே ரூட் என்ற முழு அதிகாரப் பெயரில் ஒரே பாஸ்வேர்டோடு நுழைகின்றன. அங்கே ஆடிட் பிளகினைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

சாஃப்ட்வேருக்கு ஒரு கணக்கு. உதாரணமாக டேனரிஆப், சாஃப்ட்வேர் ஓடும் சர்வரின் ஐபி 192.168.10.5 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கை அந்த ஐபியில் இருந்து மட்டும் நுழையும்படி உருவாக்குங்கள். உரிமை செலக்ட், இன்சர்ட், அப்டேட், டிலீட், புரொசீஜர் இருந்தால் எக்ஸிக்யூட், அவ்வளவுதான். ஆல்டர், டிராப், கிராண்ட் வேண்டாம். சாஃப்ட்வேர் அப்டேட் போடும் நாளில் டேபிள் மாற்றம் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கணக்கு வைத்து அன்று மட்டும் திறந்துவிடலாம்.

பேக்கப்புக்கு ஒரு கணக்கு, லோக்கல்ஹோஸ்டில் (டேட்டாபேஸ் ஓடும் அதே கம்ப்யூட்டரில்) இருந்து மட்டும். செலக்ட், லாக் டேபிள்ஸ், ஷோ வியூ, டிரிகர், ஈவென்ட் உரிமை போதும். எழுதும் உரிமை எதுவும் கூடாது.

மனிதர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு. சிஸ்டம் பார்ப்பவர், ரிப்போர்ட் எடுக்கும் அக்கவுண்ட்ஸ் ஆள், சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட் ஆள், எல்லோருக்கும் தனித்தனி. 'அட்மின்' என்று ஒரு பொதுப்பெயரை நான்கு பேர் பகிர்ந்தால் லாகில் விழும் பெயரால் பயன் இல்லை. லினக்ஸில் மரியாடிபி 10.4 முதல் ரூட் கணக்கு யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விடும். சுடோ (லினக்ஸில் ரூட்டாகக் கட்டளை கொடுக்கும்) அதிகாரம் உள்ள எவர் நுழைந்தாலும் ஆடிட் லாகில் 'ரூட், லோக்கல்ஹோஸ்ட்' என்றுதான் இருக்கும். எந்த மனிதர் என்பதை அந்த நேரத்தின் சுடோ பதிவோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அன்றாட வேலைக்கு ரூட்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிரித்த பிறகு மைஎஸ்கியூஎல்.யூசர் டேபிளில் யூசர், ஹோஸ்ட் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். விலக்கும் பட்டியலில் பெயர் மட்டும்தான் உண்டு, ஹோஸ்ட் கிடையாது. டேனரிஆப் பெயரில் 192.168.10.5-க்கு ஒரு வரி, எங்கிருந்தும் வரலாம் என்ற சதவீதக் குறிக்கு இன்னொரு வரி இருந்தால் இரண்டுமே விலக்கப்படும். ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஹைடிஎஸ்கியூஎல் (டேட்டாபேஸை நேராகத் திறக்கும் கருவி) திறந்து டேனரிஆப் பாஸ்வேர்டில் நுழைந்தவர் செய்த மாற்றம் எதுவும் லாகில் இருக்காது. சதவீதக் குறி வரியை டிராப் செய்துவிடுங்கள். இந்த ஒரு வரி மிச்சம் இருந்தால் மீதி ஏற்பாடெல்லாம் வீண்.

விலக்கும் பட்டியலா, சேர்க்கும் பட்டியலா

சர்வர்_ஆடிட்_எக்ஸ்கிள்_யூசர்ஸ் விலக்குவதற்கு, சர்வர்_ஆடிட்_இன்கிள்_யூசர்ஸ் சேர்ப்பதற்கு. இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சேர்ப்பதே வெல்லும்.

'மனிதர்கள் ஐந்து பேர்தானே, அவர்களை மட்டும் சேர்த்துவிடலாம்' என்று தோன்றும். செய்ய வேண்டாம். சேர்க்கும் பட்டியலில் ஒரு பெயர் இருந்தாலே மற்ற எல்லோரும் பதிவிலிருந்து விடுபடுவார்கள். அடுத்த மாதம் ஆம்பூர் யூனிட்டுக்குப் புதுக் கணக்கு ஒன்று திறந்தால், பட்டியலில் சேர்க்க மறந்தால், அது சத்தமில்லாமல் வெளியே நிற்கும். விலக்கும் பட்டியலில் தவறு நேர்ந்தால் லாக் கொஞ்சம் பெருக்கும், அது கண்ணில் படும்.

பட்டியலில் பெயர் சேர்க்கும்போது செட் குளோபல் கட்டளை பழைய பட்டியலை முழுக்கத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். பழையதோடு ஒட்ட வேண்டுமானால் கன்கேட் வைத்து எழுதுங்கள்:

செட் குளோபல் சர்வர்_ஆடிட்_எக்ஸ்கிள்_யூசர்ஸ் = கன்கேட்(@@குளோபல்.சர்வர்_ஆடிட்_எக்ஸ்கிள்_யூசர்ஸ், ',பேக்கப்');

செட் குளோபல் கொடுத்தது சர்வர் மறுபடி எழும்போது போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் யூபிஎஸ் தீர்ந்து சர்வர் விழுந்து எழுந்தால் வடிகட்டி பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். சோதித்துச் சரி என்று பார்த்ததும் அமைப்பு ஃபைலிலும் எழுதிவிட வேண்டும்.

அமைப்பு ஃபைல்

டெபியன், உபுண்டு லினக்ஸில் 50-சர்வர்.சிஎன்எஃப் என்ற ஃபைல், விண்டோஸில் டேட்டா ஃபோல்டரில் உள்ள மை.ஐஎன்ஐ. எழுத வேண்டியவை:

[மரியாடிபி]
பிளகின்_லோட்_ஆட் = சர்வர்_ஆடிட்
சர்வர்_ஆடிட் = ஃபோர்ஸ்_பிளஸ்_பெர்மனன்ட்
சர்வர்_ஆடிட்_லாகிங் = ஆன்
சர்வர்_ஆடிட்_ஈவென்ட்ஸ் = கனெக்ட்,குவரி,டேபிள்
சர்வர்_ஆடிட்_எக்ஸ்கிள்_யூசர்ஸ் = டேனரிஆப்,பேக்கப்
சர்வர்_ஆடிட்_குவரி_லாக்_லிமிட் = 8192
சர்வர்_ஆடிட்_ஃபைல்_ரொடேட்_சைஸ் = 50000000
சர்வர்_ஆடிட்_ஃபைல்_ரொடேஷன்ஸ் = 40

முதல் வரியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதினால் சர்வர் எழவே எழாது. பிளகின் ஏறாத நிலையில் அந்தப் பெயர்கள் சர்வருக்குத் தெரியாதவை, தெரியாத அமைப்பு என்று எரர் லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். பகல் ஷிஃப்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். இரண்டாவது வரி, ஓடும் சர்வரில் அன்இன்ஸ்டால் கட்டளை கொடுத்துப் பிளகினைக் கழற்ற விடாது.

குவரி_லாக்_லிமிட் இயல்பாக 1024. அதைத் தாண்டிய கட்டளை வெட்டப்படும். நீளமான அப்டேட்டில், எந்த வரியை மாற்றுவது என்று சொல்லும் 'வேர்' (where) நிபந்தனை கடைசியில்தான் வரும், எந்த வவுச்சர் என்பது அங்கேதான் இருக்கிறது, வெட்டுப்படுவதும் அதுவே. தமிழ் எழுத்து யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும் என்பதால் பார்ட்டி பெயரும் விவரக்குறிப்பும் தமிழில் இருந்தால் 1024 இன்னும் சீக்கிரம் தீரும். அதனால் 8192.

லாக் ஃபைல் இயல்பாக டேட்டா ஃபோல்டருக்குள் உட்காரும். சர்வர்_ஆடிட்_ஃபைல்_பாத் வைத்து வேறு இடம் கொடுக்கலாம்; கொடுப்பது நல்லது. தனி ஃபோல்டர், சொந்தக்காரர் மைஎஸ்கியூஎல் யூசர், அனுமதி 750. ஹோம் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். மரியாடிபியின் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்குவது) அமைப்பில் புரொடெக்ட்ஹோம் இருப்பதால் சர்வருக்கு அந்த இடம் கண்ணிலேயே படாது. ராக்கி, ரெட்ஹேட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கும் தடுக்கும். எழுத முடியாமல் போனாலும் டேட்டாபேஸ் தன் வேலையைத் தொடரும், லாக் மட்டும் இருக்காது. ஷோ குளோபல் ஸ்டேட்டஸ் கொடுத்து சர்வர்_ஆடிட்_ஆக்டிவ் ஆன் என்று இருக்கிறதா, சர்வர்_ஆடிட்_ரைட்ஸ்_ஃபெயில்ட் 0 தானா, லாஸ்ட்_எரரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

வகையை ஏன் நுணுக்கவில்லை

டிடிஎல், டிஎம்எல், டிசிஎல் என்று அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கும்போது குவரி என்று மொத்தமாகப் போட்டது ஏன் என்று கேட்கலாம். அந்தப் பிரிவுகளுக்கு நடுவே சந்து இருக்கிறது. புரொசீஜர், ஃபங்ஷன் உருவாக்குவதும் நீக்குவதும் குவரி_டிடிஎல்லில் சேராது. ஒருவர் புரொசீஜருக்குள் அப்டேட்டை எழுதிவைத்து, 'கால்' (call) என்ற கட்டளை கொடுத்து ஓட்டி, பிறகு நீக்கிவிட்டால், டிஎம்எல்லில் அந்தக் 'கால்' வரி மட்டும் நிற்கும். உள்ளே என்ன இருந்தது என்பது போய்விடும். செட் குளோபல் போன்ற சர்வர் அமைப்பு மாற்றங்களும் இந்த நான்கு வகையிலும் அடங்கா. செலக்டை விட்டால் பார்ட்டி லிஸ்ட்டையும் விலையையும் மொத்தமாக எடுத்துப் போனவர் தெரியமாட்டார்.

டேனரிஆப்பையும் பேக்கப்பையும் விலக்கிய பிறகு மிச்சம் இருப்பது மனிதர்கள் தட்டும் கட்டளைகள்தான். அவை குறைவு. நாளுக்கு 2,000 வரி என்றே வைத்தாலும் அரை எம்பி. இவ்வளவு சிறிய பதிவில் வகையை நுணுக்கி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஹைடிஎஸ்கியூஎல், பிஎச்பிமைஅட்மின் போன்ற கருவிகள் திறந்தவுடன் தாங்களாகவே ஷோ, இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா செலக்ட் என்று வரிசையாகக் கேட்கும், அதனால் லாக் கொஞ்சம் அழுக்காக இருக்கும். படிக்கும்போது தள்ளிக்கொள்ளலாம்.

டேபிள் வகையைச் சேர்த்ததற்குக் காரணம் டிரிகரும் புரொசீஜரும். வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) ஸ்டாக் டேபிளில் ஒரு வரி மாற, டிரிகர் வழியாக லாட் டேபிளும் மாறினால், குவரி வரியில் முதலாவது மட்டும் தெரியும், டேபிள் வரிகளில் இரண்டும் தெரியும். குவரி கேச்சை (முன்பு கொடுத்த பதிலைச் சேமித்து வைப்பது) யாராவது இயக்கியிருந்தால் மட்டும் ஒரு ஓட்டை. பதில் கேச்சிலிருந்து போனால் எந்த டேபிளும் திறக்கப்படுவதில்லை, டேபிள் வரியும் விழாது. மரியாடிபி 10.1.7 முதல் கேச் இயல்பாக அணைந்தே இருக்கிறது. பழைய அமைப்பு ஃபைலை அப்படியே எடுத்து வந்தவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுணுக்கிய வகைகள் உதவும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய விஷுவல் பேசிக் சாஃப்ட்வேர், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ரூட் பெயரில் நேராக டேட்டாபேஸுக்கு வருகிறது, எழுதியவர் இப்போது அதைத் தொடுவதில்லை, கனெக்‌ஷன் விவரம் சாஃப்ட்வேரின் எக்ஸி (exe) ஃபைலுக்குள் புதைந்திருக்கிறது. அங்கே கணக்கைப் பிரிக்க வழியில்லை. அந்த நிலையில் ஈவென்ட்ஸ் பட்டியல் கனெக்ட்,குவரி_டிடிஎல்,குவரி_டிசிஎல் என்று இருக்கட்டும், டிஸ்க் தாங்கினால் குவரி_டிஎம்எல்_நோ_செலக்ட்டும் சேரட்டும். இது ஆளையும் சாஃப்ட்வேரையும் பிரித்துக் காட்டாது என்பதை அக்கவுண்டன்ட்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கனெக்‌ஷன் விவரம் தனி ஐஎன்ஐ ஃபைலில் இருந்தால் அந்த யூசர் பெயரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

கனெக்ட் வெள்ளம்

பிஎச்பியில் எழுதிய சாஃப்ட்வேர் வழக்கமாக ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முறை உள்ளே வந்து போகும். 40 பேர், ஆளுக்கு நிமிடத்துக்கு 10 பக்கம், பக்கத்துக்கு கனெக்ட், டிஸ்கனெக்ட் என்று இரண்டு வரி. நிமிடத்துக்கு 800, எட்டு மணி நேரத்தில் 3,84,000 வரி. வரிக்கு 90 பைட் என்றால் தினமும் 35 எம்பி. விலக்கிய டேனரிஆப் பெயரில்தான் இவ்வளவும் வருகிறது, ஏனென்றால் கனெக்ட் அந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

கனெக்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்ற ஆசை இங்கேதான் வரும். எடுத்தால் விலக்கிய பெயரில் யார் எங்கிருந்து வந்தாலும் தெரியாமல் போகும். சாஃப்ட்வேரில் நிலையான கனெக்‌ஷன் அல்லது பூலிங் (திறந்த கனெக்‌ஷன்களைத் திரும்பப் பயன்படுத்துவது) வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

முடியாவிட்டால் இரண்டாவது சல்லடையாக ஆர்சிஸ்லாக், அதாவது லினக்ஸில் லாக் வரிகளைப் பெற்று வடிகட்டி அனுப்பும் நிரல். சர்வர்_ஆடிட்_அவுட்புட்_டைப்பை சிஸ்லாக் என்று மாற்றினால் வரிகள் லினக்ஸின் சிஸ்லாகுக்குப் போகும், மைஎஸ்கியூஎல்-சர்வர்_ஆடிட்டிங் என்ற அடையாளத்தோடு. விண்டோஸ் சர்வரில் இந்த வழி இல்லை. ஆர்சிஸ்லாகில் விதி எழுதும்போது மூன்று நிபந்தனையும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் வரியைத் தள்ளச் சொல்லுங்கள். யூசர் டேனரிஆப், ஹோஸ்ட் 192.168.10.5, செயல் கனெக்ட் அல்லது டிஸ்கனெக்ட். ஃபெயில்ட்_கனெக்ட் எங்கிருந்து வந்தாலும் நிற்கட்டும். அதே பெயரில் வேறு ஐபியிலிருந்து வந்த வரியும் நிற்கட்டும்.

விதி எழுதுவதில் ஒரு சூட்சுமம். 'வரியில் எங்காவது டேனரிஆப்,192.168.10.5 இருந்தால் தள்ளு' என்று எழுதினால், அந்த எழுத்துகளைத் தன் குவரியில் கமென்டாக ஒட்டி அனுப்புபவரின் வரியும் தள்ளப்படும். வரியின் தொடக்கத்திலிருந்து பொருத்த வேண்டும். அடையாளத்துக்குப் பின் இடைவெளி, சர்வர் பெயர், பிறகுதான் யூசர், ஹோஸ்ட் என்று வரும். முதலில் சில வரிகளைத் தனி ஃபைலில் விழவிட்டு, தொடக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு விதியை எழுதுங்கள். லினக்ஸின் இன்னொரு லாக் நிரலான ஜர்னல்டி இயல்பாக 30 நொடிக்கு 10,000 செய்திக்கு மேல் ஒரு சர்வீஸிடமிருந்து ஏற்காமல் விட்டுவிடும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். பெரிய டேட்டா ஏற்றும் இரவில் இந்த எல்லை இடிக்கலாம்.

எவ்வளவு நாள், எங்கே

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவு, லாகுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 வருடம் வைக்கச் சொல்கிறது. நாளுக்கு அரை எம்பி என்றால் 180 நாளுக்கு 90 எம்பி, 8 வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. மேலே 50 எம்பி, 40 ஃபைல் என்று கொடுத்தது இந்தக் கணக்கில்தான், மொத்தம் 2 ஜிபியைத் தொடும். ரொடேஷன்ஸை 0 என்று வைத்தால் ஃபைல் சுழலவே சுழலாது, ஒரே ஃபைலாக வளர்ந்துகொண்டே போகும்.

ஆனால் அதே சர்வரில் 8 வருட லாகை வைத்துப் பயனில்லை. சூப்பர் உரிமை உள்ளவர் சர்வர்_ஆடிட்_லாகிங்கை ஆஃப் செய்யலாம், ஃபோர்ஸ்_பிளஸ்_பெர்மனன்ட் கழற்றுவதைத்தான் தடுக்கும், அணைப்பதைத் தடுக்காது. லினக்ஸ் ரூட் அதிகாரம் உள்ளவர் லாக் ஃபைலையே அழிக்கலாம். வேலூர் ஆபீஸில் ஒரு சிறிய கம்ப்யூட்டரை வைத்து, டேட்டாபேஸ் பார்ப்பவருக்கு அதில் லாகின் கொடுக்காமல், ஆர்சிஸ்லாக் வழியாக வரிகள் உடனுக்குடன் அங்கே போகச் செய்யுங்கள். ஃபைல் முறையில் இருப்பவர்கள் தினமும் நகல் எடுக்கலாம். சுழலும்போது பழைய ஃபைல்களின் எண் ஒவ்வொன்றாக ஏறிப் பெயர் மாறும் என்பதால் பெயரை வைத்து நகல் எடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். தேதி போட்டுப் புதுப் பெயரில் எடுங்கள்.

நேரமும் முக்கியம். லாகில் விழுவது சர்வரின் கடிகார நேரம். கிளவுட் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் இரவு 9:42-க்கு நடந்தது மாலை 4:12 என்று இருக்கும், வேலை நேரத்தில் நடந்ததுபோலத் தெரியும். செர்ட்-இன் உத்தரவு என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு இணைந்த சர்வரோடு கடிகாரத்தைப் பொருத்தச் சொல்கிறது.

வரியைப் படிப்பது, சோதிப்பது

20250611 21:42:17,கணக்குசர்வர்,சப்போர்ட்1,192.168.10.44,31,412,குவரி,டேனரி,'அப்டேட் வவுச்சர் செட் தொகை=48000 வேர் எண்=7713',0

தேதி நேரம், சர்வர், யூசர், எங்கிருந்து, கனெக்‌ஷன் எண், குவரி எண், செயல், டேட்டாபேஸ், கட்டளை, கடைசியில் பலன். 0 என்றால் நிறைவேறியது. 1045 என்றால் நுழைவு மறுப்பு, 1142 என்றால் அந்த டேபிளுக்கு உரிமை இல்லை. கட்டளைக்குள்ளேயே காற்புள்ளி வரும் என்பதால் எக்ஸலில் காற்புள்ளியால் பிரித்தால் குளறும். இடமிருந்து முதல் எட்டையும் வலமிருந்து கடைசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ளதைக் கட்டளையாக வையுங்கள். ஒரே குவரி எண் உள்ள குவரி வரியும் டேபிள் வரிகளும் ஒரே செயலைச் சேர்ந்தவை.

48000 என்பது புதிய தொகை. பழைய தொகை என்ன என்பது இந்த லாகில் இல்லை, இருக்கவும் இருக்காது. அது சாஃப்ட்வேரின் எடிட் லாகில் இருக்க வேண்டும், அல்லது மரியாடிபி 10.3 முதல் வரும் சிஸ்டம் வெர்ஷனிங்கை (வரியின் பழைய நிலைகளையும் வைத்துக்கொள்வது) அந்த டேபிளுக்குப் போட வேண்டும்.

வடிகட்டி பேசுகிறதா என்று பார்க்க, உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு முறை தவறான பாஸ்வேர்டு கொடுங்கள். ஃபெயில்ட்_கனெக்ட், 1045 வர வேண்டும். சரியான பாஸ்வேர்டில் நுழைந்து வவுச்சரில் ஒரு செலக்ட், சோதனைக்கு ஒரு டேபிளை உருவாக்கி நீக்குவது, ஒரு வெற்றுப் புரொசீஜரை உருவாக்கி நீக்குவது, எல்லாம் விழ வேண்டும். பிறகு சாஃப்ட்வேரில் ஒரு வவுச்சரைச் சேமியுங்கள். டேனரிஆப் பெயரில் குவரி வரியோ டேபிள் வரியோ விழுந்தால் விலக்கும் பட்டியலில் பெயர் சரியில்லை. கடைசியாக, பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து டேனரிஆப் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே விட்டால் சதவீதக் குறி வரி இன்னும் இருக்கிறது என்று பொருள். இதே சோதனையை சர்வரை ஒரு முறை மறுபடி எழுப்பிய பின்பும் செய்ய வேண்டும், மரியாடிபி பதிப்பு மாற்றும் போதும்.

வாரம் ஒரு முறை தேட வேண்டியவை நான்கு. ஃபெயில்ட்_கனெக்ட். டேனரிஆப், பேக்கப் பெயரில் பழக்கமில்லாத ஹோஸ்ட்டோ நேரமோ. பேக்கப் இரவு இரண்டு மணிக்கு ஓடும் என்றால் பிற்பகல் நான்கு மணி பேக்கப் யாரோ டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்தது. சர்வர்_ஆடிட் என்ற சொல் வரும் செட் கட்டளை. கிரியேட் யூசர், கிராண்ட்; இதில் விலக்கிய பெயர் வருகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள், டேனரிஆப் பெயரிலேயே லோக்கல்ஹோஸ்ட்டுக்கு இன்னொரு கணக்கு திறப்பதுதான் இந்த வடிகட்டியிலிருந்து ஒளிய எளிய வழி. பாஸ்வேர்டு லாகில் நட்சத்திரமாக மறைந்திருக்கும், பெயரும் ஹோஸ்ட்டும் தெரியும்.

ஐபியை வைத்துத்தான் இவ்வளவும் படிக்கிறோம் என்பதால் ஆபீஸ் ரவுட்டரில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். தினமும் மாறும் ஐபி ஆறு மாதம் கழித்து எந்த மேசை என்று சொல்லாது. சாஃப்ட்வேர் சர்வருக்குள்ளேயே லாகின் செய்து அங்குள்ள அமைப்பு ஃபைலிலிருந்து டேனரிஆப் பாஸ்வேர்டை எடுத்து அங்கிருந்தே நுழைபவரை டேட்டாபேஸ் ஆடிட் பிடிக்காது. பெயரும் ஹோஸ்ட்டும் சரியாகவே இருக்கும். அந்த ஃபைலின் அனுமதியை 640-க்குக் குறைத்து, அந்த சர்வரின் லாகின் பதிவையும் அதே வேலூர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுங்கள்.